கிறிஸ்டி ரிங்குக்குக் கிடைக்காத ஒன்பதாவது பதக்கம்

கேள்வி: அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில் ஹென்றி ஷெஃப்லின் 10 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர். கிறிஸ்டி ரிங் வென்றது 8 முறைதான். அப்படியிருந்தும் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று கேட்டால் பலரும் ரிங் பெயரையே சொல்கிறார்கள். பழைய ஆள் என்ற மரியாதையா, வேறு காரணம் உண்டா?

வேறு காரணம் உண்டு. நான் ஒன்பது வருடமாகக் கார்க் நகரத்தில் இருக்கிறேன். ரிங் வாழ்ந்த ஊர் இது. அதனால் என் பதில் கார்க் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். ஷெஃப்லின் ஆடிய கில்கென்னியைச் சேர்ந்த ஒருவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த மட்டை. அதன் பெயர் ஹர்லி. சின்னப் பந்து, அதன் பெயர் ஸ்லிட்டர். கம்பங்கள் ஆங்கில எச் எழுத்து மாதிரி நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் அடித்தால் ஒரு கோல், அதற்கு மூன்று பாயின்ட். கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயின்ட். அதனால் ஸ்கோரை 7-5 என்று எழுதினால் 7 கோலும் 5 பாயின்டும், மொத்தம் 26 என்று அர்த்தம். பந்தைத் தரையில் அடிக்கலாம், அந்தரத்தில் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம். ஆனால் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக்கூடாது. மட்டையால்தான் தூக்கியெடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நாலு காலடிக்கு மேல் ஓடவும் கூடாது. ஓட வேண்டுமானால் பந்தை மட்டையின் நுனியில் நிறுத்திக்கொண்டு ஓட வேண்டும். எதிரில் மூன்று பேர் மட்டையோடு பாய்ந்து வரும்போது இதைச் செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

என் மகனுக்கு முதல் ஹர்லி வாங்கப் போனேன். செய்கிறவர் பையனை நேராக நிற்கச் சொல்லி, மட்டையைப் பக்கத்தில் நிறுத்தி, பிடி இடுப்பெலும்புக்கு வருகிறதா என்று பார்த்தார். பிறகு மட்டையின் அகன்ற முனையை வெளிச்சத்தில் திருப்பி எனக்கு மரத்தின் ரேகைகளைக் காட்டினார். மரத்தின் வேர் தண்டை விட்டு வளைந்து பிரியும் இடத்தில் அறுத்த பலகை அது. அங்கே மரத்தின் நார் தானாகவே வளைந்து வரும். அந்த வளைவோடு சேர்த்து அறுத்தால்தான் மட்டையின் முனை அடிதாங்கும். நேரான பலகையில் வளைவாக வெட்டினால் இரண்டாவது மோதலிலேயே பிளந்துவிடும். ஒரு மரத்தின் அடிப்பகுதியில் நாலைந்து அடி நீளத்துக்குத்தான் இதற்குத் தோதான மரம் கிடைக்கும். பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் இன்னொன்று புரியும். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது. இது 110 முதல் 116 கிராம்தான். ஆனால் தோலைத் தைத்த விளிம்பு நரம்பு மாதிரி புடைத்து நிற்கும். ரிங் காலத்தில் இதைத் தலைக்கவசம் இல்லாமல் ஆடினார்கள். கவசம் எல்லாருக்கும் கட்டாயம் என்று ஆனது 2010-ல்தான்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஒருவர் தன் ஊர் கிளப்புக்கு ஆடுவார். நன்றாக ஆடினால் தன் கவுண்டிக்கு, அதாவது தன் மாவட்ட அணிக்கு, எடுப்பார்கள். விலைக்கு வாங்கி விற்கும் வழக்கம் இல்லை. குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் பார்க்க இறுதிப் போட்டி ஆடியவர் மறுபடி பள்ளிக்கூடத்துக்கோ பேங்குக்கோ தன் வேலைக்குத்தான் போவார்.

ரிங் பிறந்தது 1920 அக்டோபரில், கார்க் கவுண்டியின் கிழக்கே க்ளாய்ன் என்ற சிற்றூரில். பழைய உருண்டைக் கோபுரம் ஒன்று நிற்கும் அமைதியான ஊர். 1938-ல் கார்க்கின் சிறுவர் அணியில் அகில அயர்லாந்துப் பட்டம். 1939-ல் பெரியவர்கள் அணியில் இடம். 1941-ல் க்ளாய்னை விட்டு, நகரத்தில் இருக்கும் க்ளென் ரோவர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். கடைசிவரை அந்தக் கிளப்தான். பிழைப்புக்கு லாரி ஓட்டினார். பல வருடம் ஷெல் கம்பெனியின் எண்ணெய் லாரி. லாரியில் எப்போதும் ஒரு ஹர்லியும் பந்தும் கிடக்கும், எங்கே வண்டி நின்றாலும் இறங்கி அடித்துப் பழகுவார் என்று இங்கே வயதானவர்கள் சொல்வார்கள்.

பதக்கக் கணக்கை இப்போது பிரித்துப் பார்க்கலாம். கார்க் 1941 முதல் 1944 வரை தொடர்ந்து நாலு வருடம் வென்றது. அதற்கு முன் எந்தக் கவுண்டியும் அதைச் செய்ததில்லை. இந்த நாலிலும் ரிங் இருந்தார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: நாலும் ஒரே எடை உள்ளவை அல்ல. 1941-ல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவி, டிப்பரேரியும் கில்கென்னியும் ஆட முடியாமல் ஒதுங்க வேண்டியதாயிற்று. கார்க் டப்ளினை எளிதாகத் தோற்கடித்தது. வழக்கமாக முதலில் நடக்க வேண்டிய, ஆனால் தள்ளிப்போயிருந்த மன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியை (கார்க்கும் டிப்பரேரியும் இருக்கும் மாகாணம்) அதன் பிறகுதான் நடத்தினார்கள். அதில் டிப்பரேரி கார்க்கையே தோற்கடித்தது! 1943 இறுதியில் ஆன்ட்ரிம் அணியை 5-16க்கு 0-4 என்று வென்றார்கள். அது போட்டியே அல்ல. எண்ணிக்கையை மட்டும் வைத்து ரிங்கை உயர்த்துகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எண்ணிக்கையில் அவர் பெருமை இல்லை.

எங்கே இருக்கிறது? 1944-ல் இருந்து பார்க்கலாம். மன்ஸ்டர் இறுதி, தர்லெஸ் ஊரில், கார்க்குக்கும் லிமெரிக்குக்கும். உலகப்போர் நடக்கிறது, பெட்ரோல் இல்லை. ஜனங்கள் சைக்கிளில் வந்தார்கள். இரவெல்லாம் மிதித்து வந்தவர்கள் உண்டு. இன்றும் அதற்குச் சைக்கிள் ஃபைனல் என்றே பெயர். முதல் ஆட்டம் சமன். மறு ஆட்டத்திலும் கடைசி நிமிடங்களில் சமன். லிமெரிக்கின் மிக் மேக்கி, அதுவரை நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரர், பந்தை வலைக்குள் போட்டார். அதற்குள் நடுவர் விசில் ஊதி அவருக்கு ஃப்ரீ, அதாவது எதிரணியின் தவறுக்காகத் தடையில்லாமல் அடிக்கும் ஓர் அடி, கொடுத்துவிட்டார். கோல் செல்லாது என்றாயிற்று. ஃப்ரீயும் வீணாயிற்று. அடுத்த நொடிகளில் ரிங் தன் பாதியிலிருந்து பந்தை மட்டையில் ஏந்திக்கொண்டு ஓடி, சுமார் நாற்பது கெஜத் தொலைவில் இருந்து தாழ்வாக ஓர் அடி. கோல். கார்க் 4-6, லிமெரிக் 3-6. மேக்கியின் காலம் முடிந்து ரிங்கின் காலம் பிறந்தது அந்த அடியில்தான் என்று நான் நினைக்கிறேன்.

1946 இறுதியில் கில்கென்னிக்கு எதிராக, இடைவேளைக்குச் சற்று முன்பு, நடு மைதானத்தில் பந்தை எடுத்து ஒவ்வொருவராக ஏமாற்றிக்கொண்டே போய் அடித்த கோலும் அப்படித்தான். அந்த முறை அவர் கேப்டன். கார்க் 7-5க்கு 3-8 என்று வென்றது. மறுவருடம் அதே கில்கென்னியிடம் ஒரே பாயின்டில் தோற்றார்கள்.

பிறகு நீண்ட வறட்சி. டிப்பரேரி 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று வென்றது. அந்த நாளில் ஒரு தோல்வி என்றால் அந்த வருடமே முடிந்தது. இன்றைக்கு இருக்கிற மாதிரி இரண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாது. மே, ஜூனில் ஒரு ஞாயிறு கெட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும். முப்பதைத் தாண்டிய ஒருவர் இந்தக் கட்டத்தில் ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரிங் 1952-ல் டிப்பரேரியின் ஓட்டத்தை நிறுத்திய அணியில் இருந்தார். 1953-லும் 1954-லும் கேப்டனாக நின்று கோப்பையை வாங்கினார். மூன்று முறை கேப்டனாக அந்தக் கோப்பையைத் தூக்கிய முதல் ஆள் அவர்.

1953 வெற்றியில் ஒரு கறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. எதிரணியான கால்வேயின் கேப்டன் மிக் பர்க் ரிங்குடன் மோதிக் காயப்பட்டார். கால்வேக்காரர்களின் கோபம் ஆட்டம் முடிந்த பிறகும் ஆறவில்லை. ஓட்டல்வரை போய்க் கைகலப்பாயிற்று. ரிங் சாதுவான ஆட்டக்காரர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடி கொடுப்பார், அடி வாங்குவார்.

1954 இறுதி வெக்ஸ்ஃபோர்டுக்கு எதிராக. 84,856 பேர் பார்த்தார்கள். ஹர்லிங் வரலாற்றில் அதைவிடப் பெரிய கூட்டம் இன்றுவரை கூடவில்லை. அந்த ஆட்டத்தில் ரிங்குடன் மோதியதில் வெக்ஸ்ஃபோர்டின் கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரர் நிக் ஓ'டானலுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவர் வெளியேற, அவர் இடத்துக்கு பாபி ராக்கர்ட் வந்து அபாரமாக ஆடினார். இருந்தாலும் கார்க் 1-9க்கு 1-6 என்று தப்பியது. ரிங்குக்கு எட்டாவது பதக்கம். இந்த இரண்டு பெயரையும், ஓ'டானல், ராக்கர்ட், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1956. உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த வருடத்தில்தான் இருக்கிறது.

மன்ஸ்டர் இறுதியில் லிமெரிக் முன்னணியில் இருந்தது. அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் ஒருவர் ரிங்கைக் கட்டிப்போட்டது போல அடக்கி வைத்திருந்தார். 35 வயது, கனத்த உடம்பு; கிழவருக்கு ஓய்ந்துவிட்டது என்று அரங்கில் பேசியிருப்பார்கள். ஆட்டம் முடியப் போகிற வேளையில், சில நிமிட இடைவெளியில், ரிங் மூன்று கோல் அடித்தார். கார்க் 5-5, லிமெரிக் 3-5.

அகில அயர்லாந்து இறுதிப் போட்டி அந்த நாளில் வழக்கமாக செப்டம்பர் முதல் ஞாயிறு நடந்தது. அந்த வருடம் கார்க்கில் இளம்பிள்ளை வாதம் பரவியதால் 23-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். எதிரில் மறுபடியும் வெக்ஸ்ஃபோர்ட். ரிங் வென்றால் ஒன்பதாவது பதக்கம். அதுவரை எவருக்கும் இல்லாதது. கடைசிக் கட்டத்தில் வெக்ஸ்ஃபோர்ட் இரண்டு பாயின்ட் முன்னே நிற்கிறது. ஒரு கோல் விழுந்தால் கார்க்குக்கு முன்னிலை. பந்து ரிங்கிடம் வருகிறது. நேராக வலையைப் பார்த்து முழு வேகத்தில் அடிக்கிறார். கோல்கீப்பர் ஆர்ட் ஃபோலி அதைத் தடுத்துவிடுகிறார். எப்படித் தடுத்தார், மட்டையிலா, கையிலா, மேலே எழும்பிய பந்தைப் பிடித்தாரா என்று நேரில் பார்த்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அங்கிருந்து வெளியே போன பந்து மறுமுனையில் பாபியின் அண்ணன் நிக்கி ராக்கர்டிடம் போய்ச் சேர்ந்து வெக்ஸ்ஃபோர்டுக்குக் கோலாயிற்று. 2-14க்கு 2-8. ரிங் ஃபோலியிடம் போய்க் கைகொடுத்தார்.

விசில் ஊதியது. வென்றது வெக்ஸ்ஃபோர்ட், அவர்கள் ஊர் ஜனம் மைதானத்துக்குள் ஓடி வருகிறது. அந்த நேரத்தில் நிக் ஓ'டானலும் பாபி ராக்கர்டும் தோற்றுப்போன ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். காறை எலும்பு முறிந்தாரே, அதே ஓ'டானல்தான். நான் எத்தனையோ இறுதிப் போட்டிகளைப் பார்த்துவிட்டேன். ஜெயித்தவர்கள் தோற்றவரைத் தோளில் சுமந்ததை எங்கும் பார்க்கவில்லை. ஒருவருடைய பெருமையை அளக்க, அவரால் எலும்பு முறிந்தவரின் தோளைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ரிங்குக்கு அகில அயர்லாந்து இறுதியில் ஆட வாய்ப்பே வரவில்லை. ஆனால் விடவில்லை. 1961-ல் 40 வயதில், லிமெரிக்கில் 60,000க்கு மேல் திரண்ட மன்ஸ்டர் இறுதியில் டிப்பரேரிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். மாகாணங்களுக்கு இடையே ரயில்வே கோப்பை என்று ஒரு போட்டி இருந்தது. அந்த நாளில் அதன் இறுதி ஆட்டம் புனித பேட்ரிக் திருநாளில் குரோக் பார்க்கில் நடந்தது. மன்ஸ்டருக்காக அதில் 18 பதக்கம் வாங்கினார், கடைசியானது 1963-ல். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ரிங்கைப் பார்ப்பதற்கென்றே அந்த நாளில் கூட்டம் வந்தது. அவர் போன பிறகு அந்தப் போட்டி மெல்ல மெல்லக் களையிழந்தது. கவுண்டிக்கான சாம்பியன்ஷிப்பில் மொத்தம் 64 ஆட்டம், 33 கோல், 208 பாயின்ட். கிளப்புக்கு 1967 வரை ஆடினார். அப்போது 46 வயது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரிங்கை நாட்டில் பெரும்பாலோர் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார்கள். ஹர்லிங் இறுதி முதன்முதலாகத் தொலைக்காட்சியில் நேரடியாக வந்தது 1962-ல். அதற்கு முன் மைக்கேல் ஓ'ஹெஹிரின் வானொலி வர்ணனைதான். ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் ஜன்னலுக்கு வெளியே தெருவே நின்று கேட்கும். கேட்டவர்கள் மனதில் அந்தக் கோல்கள் கேமரா காட்டக்கூடியதைவிடப் பெரிதாகப் பதிந்தன. ரிங் புகழில் இதற்கும் பங்குண்டு. அதை ஒப்புக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

இப்போது ஷெஃப்லின். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பாலிஹேல் என்ற சிற்றூர், கில்கென்னி கவுண்டி. 1999-ல் ப்ரையன் கோடி பயிற்சியாளராக வந்த அதே வருடம் அணிக்குள் வந்தார். 2000, 2002, 2003, 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நாலு, 2011, 2012, 2014. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை. இதை இரண்டு முறை முழங்கால் தசைநார் அறுந்த ஒருவர் செய்தார் என்பதுதான் ஆச்சரியம். 2007 இறுதியில் ஒரு கால். 2010 அரையிறுதியில் மறுபடி. கில்கென்னி தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்கு ஆடிய அந்த 2010 இறுதியில், சில வாரமே ஆன காயத்தோடு இறங்கி, கால் மணி நேரம்கூடத் தாங்காமல் வெளியேறினார். டிப்பரேரி வென்றது.

2012 இறுதியில் கால்வேயோடு ஸ்கோர் சமனாக இருக்கும்போது, கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டி கிடைத்தது. கோலுக்கு அடிக்காமல் கம்பிக்கு மேலே தட்டிவிட்டு ஒரு பாயின்ட் எடுத்துக்கொண்டார். உடனே கால்வேயின் ஜோ கேனிங் சமன் செய்துவிட்டார். ரிங்காக இருந்தால் வலைக்குத்தான் அடித்திருப்பார் என்று கார்க்கில் சொல்வார்கள். எனக்கு ஷெஃப்லின் செய்தது சரி என்றே படுகிறது. வலைக்குள் அத்தனை பேரை நிறுத்தியிருக்கும்போது முன்னிலை எடுப்பதுதான் புத்தி. மறு ஆட்டத்தில் கில்கென்னி 3-22க்கு 3-11 என்று ஜெயித்தது. ரிங்கின் கையிலிருந்து ஆர்ட் ஃபோலி தட்டிப்பறித்த அந்த ஒன்பதாவது பதக்கம், 56 வருடம் கழித்து ஷெஃப்லினுக்குக் கிடைத்தது. இடையில் டிப்பரேரியின் ஜான் டாயிலும் 1965-ல் எட்டைத் தொட்டிருந்தார்.

அப்படியானால் யார் பெரியவர்? ஒரு வருடம் முழுக்க ஒரு பிழையும் செய்யாத அணியைக் கட்ட வேண்டுமென்றால் நான் ஷெஃப்லினை எடுப்பேன். கோடியின் கில்கென்னி மாதிரி ஒரு அணியின் நடுநாயகமாக நின்று, பதினைந்து வருடம் ஃப்ரீ அடித்து, அடுத்தவனுக்குப் பந்து கொடுத்து ஆடியவர் அவர். ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, ஐந்து நிமிடம்தான் பாக்கி என்றால் ரிங். ஷெஃப்லினுக்குப் பின்னால் எப்போதும் கில்கென்னி இருந்தது. 1947-க்கும் 1952-க்கும் நடுவில் கார்க்குக்கு ரிங்தான் இருந்தார். ரிங்கைக் கேட்டிருந்தால் இந்த விவாதத்தையே ஏற்றிருக்க மாட்டார். சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் கடந்த காலத்தோடு போய்விட்டார்கள் என்று சொல்லாதீர்கள், இனிமேல் வரப்போகிறவர்கள் இன்னும் நன்றாக ஆடுவார்கள் என்று சொன்னவர் அவர்.

கார்க் 1976 முதல் 1978 வரை தொடர்ந்து மூன்று பட்டம் வென்றபோது ரிங் தேர்வுக்குழுவில் இருந்தார். 1979 மார்ச் 2-ஆம் தேதி கார்க் நகரத் தெருவில் நடந்து போகும்போது மாரடைப்பில் விழுந்து இறந்தார். 58 வயது. சாவுக்குக் கார்க் முழுக்கத் தெருவில் நின்றது. க்ளாய்னில் கல்லறைப் பக்கம் நின்று பேசியவர் ஜாக் லிஞ்ச். அன்றைக்கு அவர் நாட்டின் பிரதமர். ஆனால் அங்கே பிரதமராக நிற்கவில்லை. 1941 முதல் 1944 வரை ரிங்கோடு அதே அணியில், அதே க்ளென் ரோவர்ஸ் கிளப்பில் ஆடியவராக நின்றார். ஆஷ் மட்டை தோல் பந்தில் படும்போது விரலில் ஏறும் சிலிர்ப்புக்காகப் பையன்கள் ஹர்லி சுழற்றும் காலம்வரை ரிங் கதை சொல்லப்படும் என்றார்.

அன்றைக்கு பாலிஹேலில் ஹென்றி ஷெஃப்லின் பிறந்து 50 நாள் ஆகியிருந்தது.